அப்பாவின் நீர் மாத்திரை: வெளியே போகும் நாளில் விட்டுவிடலாமா?

மூத்தமகள்:

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்திருக்கிறது என்று சொல்லி மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். காலையில் உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையான ஃபியூரோசமைடு 40 மி.கி., ஸ்பைரனோலாக்டோன் 25 மி.கி., இரவில் ராமிப்ரில். ஆரம்பித்த புதிதில் நல்ல மாற்றம் தெரிந்தது. கால் வீக்கம் வடிந்தது, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கியவர் ஒன்றுக்கு வந்தார், மாடிப்படி ஏறினார். மருந்து வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கவலை என்னவென்றால், அவர் அதை எழுதிக் கொடுத்தபடி சாப்பிடுவதில்லை. வெளியே போகிற நாளில் ஃபியூரோசமைடை விட்டுவிடுகிறார். "வழியில் எங்கே போய் ஒதுங்குவது?" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அந்த மாத்திரை போட்டால் அடக்கவே முடியாது. வீடு திரும்பியதும், விட்டதற்கும் சேர்த்து என்று இரவில் இரண்டு போடுகிறார். மற்ற நாட்களில் மாத்திரையை உடைத்துக் காலையில் பாதி, மாலையில் பாதி. அப்படிப் போட்டால் அவசரம் குறைவாக இருக்கிறதாம்.

கொஞ்ச காலமாக எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது. ஒருமுறை சுவரைப் பிடித்ததால் விழாமல் தப்பினார். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் குடித்தால்தானே போகவேண்டி வரும் என்று தண்ணீரையும் குறைத்துவிட்டார். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை தானாக வாங்கிப் போடுகிறார். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்பதால் நான் சோடியம் குறைந்த உப்பு வாங்கி அதில்தான் சமைக்கிறேன். சொந்தத்தில் ஒருவர், நீர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், நிறுத்திவிடு என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதிலிருந்து இன்னும் பிடிவாதம்.

தலைச்சுற்றலும் காலிழுப்பும் இந்த மாத்திரையால்தானா? வெளியே போகும் நாளில் என்ன செய்வது? டாக்டரிடம் அடுத்த முறை போக இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா?

கருவேலன்:

நானும் ஃபியூரோசமைடு சாப்பிடுகிறவன்தான், அதனால் உங்கள் அப்பாவின் சங்கடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் கடுமை. அப்புறம் மெல்ல மெல்லத் தணியும். நான் இதை என் டாக்டரிடம் வெளிப்படையாகவே கேட்டேன். காலையில்தான் போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை, வெளியே போகும் நாளில் திரும்பி வந்து மதியம் போடுங்கள், ஆனால் நான்கு மணிக்கு மேல் தள்ளாதீர்கள் என்றார். அல்லது சீக்கிரமே எழுந்து போட்டுவிட்டு, அந்தக் கடுமையான நேரம் கழிந்தபின் கிளம்புவது. எனக்கு இரண்டாவதுதான் ஒத்துவருகிறது. இது என் டாக்டர் எனக்குச் சொன்னது, அப்பாவுக்கு அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலைவரை மறந்துபோனால் அன்றைய மாத்திரையை விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல் ஒன்றுதான். இரண்டாகப் போடக்கூடாது என்று மருந்து எழுதிக் கொடுத்த அன்றே எனக்குச் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:

மகளே, நான் இதய நோய் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை, மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்லப்போவதில்லை. ஆனால் காத்திருக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில்: வேண்டாம். நாளைக் காலையிலேயே டாக்டரைக் கூப்பிடுங்கள். காரணம் தலைச்சுற்றல் மட்டும் இல்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த வலி மாத்திரையும் உப்பும்தான் என்னை அதிகம் பயமுறுத்துகின்றன.

முதலில் உப்பு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அட்டையில் பார்த்தால் தெரியும். நல்ல சிறுநீரகம் உள்ளவர் உடம்பு கூடுதல் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். உங்கள் அப்பா சாப்பிடும் ஸ்பைரனோலாக்டோனும் ராமிப்ரிலும் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கிற மருந்துகள். அதன்மேல் தினமும் சாப்பாட்டில் பொட்டாசியம் சேர்ந்தால் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். வழக்கமான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், அதுவும் முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமல். நீங்கள் அக்கறையோடு வாங்கியதுதான், அதில் தப்பில்லை. ஆனால் இன்றோடு அதை ஒதுக்கிவிடுங்கள். சாதாரண உப்பையே குறைவாகப் போட்டுச் சமையுங்கள்.

அடுத்தது டைக்ளோஃபெனாக். இபுப்ரூஃபன், நாப்ராக்ஸன் எல்லாம் இதே குடும்பம்தான். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். அதாவது நீர் மாத்திரை எதை வெளியேற்றப் பார்க்கிறதோ அதையே இது பிடித்து வைக்கும். இதயம் பலவீனமானவருக்கு அது ஒன்றே போதும், மறுபடி மூச்சிரைப்பு வந்து வார்டுக்குத் திரும்புவதற்கு. சிறுநீரகத்துக்கு வரும் ஆபத்து இன்னும் பெரியது. வடிகட்டும் இடத்துக்குள் ரத்தம் நுழைகிற குழாயை இந்த வலி மாத்திரை சுருக்கும். ரத்தம் வெளியேறுகிற குழாயை ராமிப்ரில் தளர்த்தும். நீர் மாத்திரையோ உடம்பில் ஓடும் நீரளவையே குறைத்திருக்கும், உங்கள் அப்பா தண்ணீரையும் வேறு குறைத்திருக்கிறார். மூன்றும் கூடும்போது வடிகட்டத் தேவையான அழுத்தமே இருக்காது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் சில நாட்களிலேயே ரத்தத்தில் ஏறிவிடும். இப்படி வந்த முதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கேட்டால், "வேறு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை சிஸ்டர், வலி மாத்திரை மட்டும்தான்" என்பார்கள். மூட்டுவலிக்கு வேறு வழி இருக்கிறது, பாராசிட்டமால் போடலாமா, எவ்வளவு என்று டாக்டரிடமே கேளுங்கள்.

இப்போது காலிழுப்பு. ஃபியூரோசமைடு சோடியத்தோடு சேர்த்துப் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் தசை பிடிப்பது உண்டு. சரி, பொட்டாசியம் குறைந்துவிட்டது என்று நாமாக முடிவு செய்து பொட்டாசியம் சிரப் கொடுத்தால் என்ன ஆகும்? அவருடைய மற்ற இரண்டு மருந்தும் அந்த உப்பும் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. எந்தப் பக்கம் ஜெயித்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குறைந்தாலும் உடம்பு சோர்ந்து தசை தளரும், கூடினாலும் அப்படித்தான். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்தால்தான் தெரியும். நீர் மாத்திரை ஆரம்பித்தாலோ அளவை மாற்றினாலோ ஒன்றிரண்டு வாரத்தில் இந்தப் பரிசோதனை செய்வது வழக்கம். அப்பாவுக்குக் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள்.

மாத்திரையை உடைத்துச் சாப்பிடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலருக்கும் தெளிவு இல்லை. ஃபியூரோசமைடு ரத்தத்தில் இருந்தபடி வேலை செய்வதில்லை. சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் போய், அங்கே உப்பைத் திரும்ப உறிஞ்சும் இடத்தை உள்ளிருந்து அடைக்க வேண்டும். அதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்த வாசலைத் தாண்டாவிட்டால் பாதிப் பலன்கூட வராது, அனேகமாக ஒன்றுமே வராது. 40 மி.கி. ஒரே தடவையில் தரும் பலன், 20, 20 என்று இரண்டு தடவை போட்டால் கிடைக்காமல் போகலாம். "அவசரம் குறைவாக இருக்கிறது" என்கிறாரே, மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கலாம். வாய்வழி போடும் ஃபியூரோசமைடு குடலில் உறிஞ்சப்படுவதும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும், சராசரியாகப் பாதிதான் உள்ளே போகிறது. உடம்பில் நீர் கோத்து குடல் சுவரே வீங்கியிருந்தால் இன்னும் தாமதமாகும். டோர்ஸமைடு என்று இன்னொன்று உண்டு, அது 80 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சப்படும், கொஞ்சம் நீண்ட நேரம் வேலை செய்யும். அப்பாவுக்கு அது பொருந்துமா என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் இந்த அவசரத்தால்தான் மாத்திரையை விடுகிறார் என்று அவருக்குத் தெரிந்தால்தானே யோசிப்பார்?

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சீட்டில் இருப்பது ஒன்று, அப்பா விழுங்குவது வேறொன்று. டாக்டர் சீட்டைப் பார்த்து, இவ்வளவு கொடுத்தும் வீக்கம் வடியவில்லையே என்று அளவைக் கூட்டுவார். என்றைக்காவது ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து முழு அளவையும் ஒழுங்காகக் கொடுத்தால் ஒரேயடியாக பிபி இறங்கும். டாக்டரிடம் போகும்போது எதையும் மறைக்காமல், எந்த நாளில் விட்டார், எப்போது இரண்டு போட்டார், எதை உடைத்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று அப்பா பயந்தால் நீங்கள் பேசுங்கள்.

இரவில் இரண்டு போடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தூக்கக் கலக்கம், இருட்டு, அவசரம், எழுந்ததும் இறங்குகிற பிபி. முதியவர்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு உடைவது இப்படித்தான்.

தலைச்சுற்றலை வீட்டிலேயே அளக்க முடியும். பிபி கருவி இருந்தால் ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை பாருங்கள். பிறகு எழுந்து நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது நிற்கும்போது வரும் பிபி வீழ்ச்சி. அந்த எண்களை டாக்டரிடம் சொல்லுங்கள்.

எடை பார்க்கிறீர்களா? காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், ஒரே கருவியில், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: எடை வழக்கத்தைவிட இறங்கி, நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, தலையும் சுற்றினால் உடம்பு தேவைக்கு மேல் வற்றிவிட்டது என்று அர்த்தம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடும் காய்ச்சலோ வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த நாட்களில் நீர் மாத்திரை, ராமிப்ரில் போன்றவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது உண்டு. ஒழுங்காகச் சாப்பிட, குடிக்க ஆரம்பித்ததும் எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விஷயத்தில் டாக்டர் ஒரு அளவு சொல்லியிருந்தால் அது. சொல்லவில்லை என்றால் அப்பாவாகக் குறைக்க வேண்டாம், வலிந்து அதிகம் குடிக்கவும் வேண்டாம்.

சிறுநீரகம் கெடும் என்ற பேச்சைப் பற்றி. நீரளவு குறையும்போது கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது உண்டு, அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். அதைக் கண்காணிக்கத்தான் பரிசோதனை. பயந்து மாத்திரையை முழுதாக நிறுத்தினால் நீர் திரும்பிக் கோத்துக்கொள்ளும், ரத்தம் தேங்கி நிற்கும் இதயத்தாலும் சிறுநீரகம் பாதிக்கப்படும். சொந்தக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிற ராத்திரியை அவர் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

நெடுவழி:

சிஸ்டர் சொன்னதோடு இரண்டு விஷயம். நீர் மாத்திரை என்று தெரியாமலே அதைச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பிபிக்கான பல கூட்டு மாத்திரைகளில் தயசைடு வகை நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ கலந்திருக்கும். என் அம்மா அப்படி ஒன்றுதான் சாப்பிட்டு வந்தார். புதிதாக மாற்றிய கொஞ்ச நாளிலேயே பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம், எந்நேரமும் தூக்கம். வயதாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ரத்தத்தில் பார்த்தால் சோடியம் 121. 135க்குக் கீழே போகக்கூடாதாம். தயசைடு வகையில் வயதான பெண்களுக்கு இது அதிகம் வரும், அதுவும் ஆரம்ப வாரங்களில், என்று சொன்னார்கள். மருந்தை மாற்றி, சோடியத்தை மெதுவாக ஏற்றியதும் பழைய அம்மா திரும்பி வந்துவிட்டார். யூரிக் அமிலம் ஏறி கால் பெருவிரல் வீங்குவதும் நீர் மாத்திரைகளில் நடக்கும், முன்பே கௌட் என்கிற அந்த மூட்டு வீக்க நோய் இருப்பவர்கள் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, கால் வீக்கம் என்றாலே நீர் மாத்திரை என்று ஓடக்கூடாது. எனக்குக் கணுக்காலில் வீக்கம் வந்தது பிபி மாத்திரையான அம்லோடிபினால். அது சிறு ரத்தக்குழாய்களை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் இறங்குகிறது, உடம்பில் மொத்த நீர் கூடியதால் இல்லை. நீர் மாத்திரைக்கு அது அவ்வளவாக மசியாது. என் டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்க்காமல் அம்லோடிபினை மாற்றினார், வடிந்துவிட்டது.

மூத்தமகள்:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், நீங்கள் சொன்னபடி மறுநாளே கூப்பிட்டேன், வரச் சொன்னார்கள். பொட்டாசியம் 5.7, கிரியாட்டினினும் முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. இசிஜி எடுத்தார்கள், அதில் மாற்றம் இல்லை. டைக்ளோஃபெனாக்கும் அந்த உப்பும் கூடாது என்றார் டாக்டர், ஸ்பைரனோலாக்டோனைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார், ஒரு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. அப்பா எப்படிச் சாப்பிடுகிறார் என்று எழுதிய தாளைக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை, நன்றாகக் கேட்டுக்கொண்டார். ஃபியூரோசமைடை முழுதாக ஒரே வேளையில் போட வேண்டும், வெளியே போகும் நாளில் திரும்பி வந்து மதியம் போடலாம் என்று அவர் வாயாலேயே சொன்னதும் அப்பாவின் முகமே மாறிவிட்டது. இத்தனை நாள் இதைக் கேட்கவே கூச்சப்பட்டிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அப்பாவுக்கு மார்புக் காம்பைச் சுற்றி வீங்கினாற்போல் இருக்கிறதாம், சட்டை உரசினால் வலிக்கிறதாம். என்னிடம் சொல்லாமல் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். இதுவும் மருந்தினாலா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:

நேரத்தோடு பார்த்துவிட்டீர்கள், நிம்மதியாக இருக்கிறது.

ஆமாம், ஸ்பைரனோலாக்டோனால் அது வரும். ஆண் ஹார்மோன் வேலை செய்யும் இடங்களிலும் அது போய் ஒட்டிக்கொள்வதால் மார்புத் திசு வளரும், வலிக்கும். இதய பலவீனத்துக்கு இந்த மருந்தை நிலைநிறுத்திய பெரிய ஆய்வு 1999இல் வெளியானது. சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது என்று காட்டியதும் அதுதான், மருந்து சாப்பிட்ட ஆண்களில் பத்தில் ஒருவருக்கு இந்த மார்புத் தொந்தரவு வந்தது என்று காட்டியதும் அதுதான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கு மட்டும் வந்த வெட்கக்கேடு இல்லை என்று தெரியட்டும். தம்பியையே டாக்டரிடம் கூடப் போகச் சொல்லுங்கள், அப்பாவுக்கு அது சுலபமாக இருக்கும்.

பொட்டாசியம் இறங்கியதும் ஸ்பைரனோலாக்டோனை மறுபடி தொடங்குவதா என்று டாக்டர் யோசிப்பார். அதற்குள் இது அவர் காதுக்குப் போயாக வேண்டும். எப்ளெரினோன் என்று அதே வேலை செய்யும் மருந்து இருக்கிறது, அதில் மார்புத் தொந்தரவு மிகவும் குறைவு. பொட்டாசியத்தை அதுவும் ஏற்றும், ஆகையால் பரிசோதனை அதற்கும் உண்டு. வீக்கம் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, கட்டியாகக் கையில் தட்டினாலோ, காம்பிலிருந்து ஏதாவது கசிந்தாலோ மருந்தின்மேல் பழி போட்டு விட்டுவிடாமல் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த வாரம் ரத்தம் எடுக்கப் போகும்போதே இதையும் காட்டிவிடலாம்.